திங்காதவன்

ஒன்றைச் சொன்னால் நம்ப நாலு பேர் வேண்டும் என்பார்கள். எங்கள் வன்னிக்கரிசலில் நானூறு பேர் நம்பி, நம்பியதற்குத் தக்கபடி கோழியை அடைத்து, கொடிக்கயிற்றை மாற்றிக் கட்டி, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டோம், அதனால் இது நடந்தது என்றே வைத்துக்கொள்ளலாம்.

என் பெயர் மாரிக்கனி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்து வரைக்கும் படித்தவள். வீட்டில் நானும், லோடு வண்டி ஓட்டும் என் வீட்டுக்காரர் செண்பகராசும், நாலு வயது சுபிக்ஷாவும், ஆக மூன்று பேர். ஊர்ச் சமுதாயக் கூடத்தில் பதினோரு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, அச்சாபீசிலிருந்து வரும் வீரச்சீட்டுகளைப் பாக்கெட்டில் போட்டு ஒட்டும் வேலை பார்த்தோம். பட்டணத்துப் பிள்ளைகள் விளையாடும் சீட்டு அது. ஒரு பாக்கெட்டில் ஏழு சீட்டு, ஏழில் ஒன்று வீரன். மேலே அவன் படம், நடுவில் பலம் எத்தனை உயிர் எத்தனை என்று எண், அடியில் அவன் பெற்ற வரம் என்ன என்று ஒரு வரி, இடது மூலையில் அவனை மேசையில் இறக்க எத்தனை கண்ணாடி மணிகளைக் கொடுக்க வேண்டும் என்று இன்னொரு எண். அந்த மூலை எண்ணுக்குக் கம்பெனியில் ஏதோ பேர் வைத்திருந்தார்கள். நாங்கள் தீனி என்றோம்.

ஒட்டிக்கொண்டே இருந்தால் கை மட்டும்தானே வேலை செய்கிறது, வாயும் மூளையும் சும்மா கிடக்கின்றனவே என்று மத்தியானச் சோற்றுக்குப் பிறகு நாங்களும் ஆடிப் பார்த்தோம். ஆடி ஆடி, எந்த வீரன் ஆட்டத்தைக் கெடுப்பான், எவன் படத்துக்குத்தான் ஆவான், எவனை வைத்துக் குடும்பம் நடத்தலாம் என்பது மூன்றே ஆட்டத்தில் எங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. கம்பெனியிலிருந்து வரும் நிவேதன் என்ற கோயம்புத்தூர்த் தம்பி ஒருநாள் கதவோரம் நின்று இதைக் கேட்டுவிட்டு, படித்த பிள்ளைகள் கம்ப்யூட்டரில் ஒரு மாதம் போட்டுப் பார்த்தும் இது தெரியவில்லை என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு புதுக்கட்டு வருவதற்கு முன்னால் புது வீரர்களை வெள்ளை அட்டையில் பென்சிலால் எழுதி எங்களிடம் கொண்டுவந்தார். கூடுதலாக இருப்பதை அழியுங்கள், குறைவாக இருப்பதை எழுதுங்கள், உங்கள் கை பட்டதுதான் அச்சுக்குப் போகும் என்றார்.

எங்களுக்குத் தலைவி சீனியம்மா மதினி. மாட்டுத் தரகர் மகள், கட்டிப்போனதும் தரகருக்கே. வீரர்களை அவள் மாடு பார்ப்பது மாதிரியே பார்த்தாள். முதலில் எட்ட வைத்துப் பார்ப்பாள். பிறகு பல்லைப் பிடிப்பது போல அட்டையின் விளிம்பைப் பிடித்துத் திருப்புவாள். மாட்டின் நெற்றியில் சுழி தேடுவது போல வரத்தின் வரியில் விரலை வைத்து, இது குடியைக் கெடுக்கும் சுழி, இது கொண்டுவந்து சேர்க்கும் சுழி என்பாள். கடைசியில் மூன்று கும்பலாகப் பிரிப்பாள்: வீட்டுக்கு ஆகும், சந்தைக்கு ஆகும், அடிமாடு. எங்களுக்கு அவள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஒரே பாடம்தான்.

"எம்புட்டுக் கறக்கும்னு கேக்காதீக புள்ளைகளா. எம்புட்டுத் திங்கும்னு கேளுங்க."

அந்த வருசம் வந்த புதுக்கட்டில் பன்னிரண்டு வீரர்கள். முதல் நாள் கொம்பன் என்ற பாறையுடைக்கும் வீரனை எடுத்தோம். பலம் ஒன்பது, தீனி இரண்டு. இதெல்லாம் அநியாயம் என்று பலத்தில் மூன்றை அழித்து ஆறாக்கினோம். மறுநாள் காலையில், எங்களோடு சீட்டு ஒட்டும் என் பக்கத்து வீட்டுப் பூரணம் அத்தை, முதுகுவலிக்காரி, ஆட்டுரலை இடுப்பில் குடம் மாதிரி வைத்துக்கொண்டு வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். அழித்த மூன்றும் ஊரைவிட்டுப் போகவில்லை, அத்தையிடம் தங்கிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அதிசயம் என்று யாரும் கூட்டம் கூடவில்லை. பஞ்சாயத்தில் அத்தைக்கு நிறைய வேலை இருந்தது. சாய்ந்து நின்ற மின்கம்பத்தை நிமிர்த்தச் சொல்லி மூன்று வருசமாக எழுதிப் போட்டுக்கொண்டிருந்தோம், அத்தை சீலையைச் சொருகிக்கொண்டு போய் நிமிர்த்திவிட்டு வந்து பருப்பை இறக்கினாள்.

அடுத்து சுவரைத் தாண்டிப் பார்க்கும் ஒரு வீராங்கனை. அவளிடமிருந்து அழித்த பார்வை ரேஷன் கடையில் எடைபோடும் தங்கபுஷ்பத்துக்கு வந்தது. இதுதான் ஊருக்குக் கொஞ்சம் சங்கடமாகப் போயிற்று. குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள், சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே மீன் பொரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஊர்க்கூட்டம் போட்டு, தங்கபுஷ்பம் கழுத்தில் ஆட்டுமணி ஒன்றைக் கட்டிக்கொள்வது என்றும், மணிச்சத்தம் கேட்டால் அவரவர் மானத்தை அவரவர் மூடிக்கொள்வது என்றும் முடிவானது. அவளும் ஒத்துக்கொண்டாள். காணாமல்போன ஆடு, தொலைந்த தோடு, கிணற்றில் விழுந்த செல்போன் எல்லாம் அதற்குப் பிறகு அவள் சொல்லித்தான் கிடைத்தன.

இப்படி ஊருக்கு வந்ததெல்லாம் நல்லதாகவே வந்தது. போனதைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். மோர் வாங்கிய தூக்கில் இரண்டு பச்சைமிளகாய், மாவு வாங்கிய கிண்ணத்தில் ஒரு சிட்டிகை உப்பாவது போட்டுத்தான் கொடுப்போம். வெறும் பாத்திரம் வாங்கினவளுக்கும் ஆகாது, கொடுத்தவளுக்கும் ஆகாது. நிவேதன் தம்பியிடம் அட்டைகளைத் திருப்பிக் கொடுக்கும்போது, அழித்த இடம் வெள்ளையாகக் கிடந்தது எங்கள் கண்ணை உறுத்தியது. அதனால் பூரணம் அத்தை அழித்த இடத்தில் பென்சிலால், முருங்கை மரத்தடிக் காற்று என்று எழுதிவைத்தாள். ஒரு சிட்டிகை உப்பு போடுகிற மனசோடுதான் எழுதினாள்.

அன்று சாயங்காலத்திலிருந்து அத்தை வீட்டு முருங்கை அசையவில்லை. புயல் சின்னத்தன்று கூட அசையவில்லை. கட்டிலை எல்லோரும் வேப்பமரத்தடிக்கு மாற்றிக்கொண்டோம், அவ்வளவுதான். தம்பி அடுத்த முறை வந்தபோது கம்பெனியில் அந்தச் சீட்டை மேசையில் போட்டாலே ஜில்லென்று இருக்கிறது என்று எல்லோரும் கொண்டாடுவதாகச் சொன்னார். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த வீரனுக்கு மேலத்தெருச் சேவலின் கூவலைப் போட்டு அனுப்பினோம்; சேவல் வாயைத் திறந்து திறந்து மூடியது, பால்காரர் செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டார். இன்னொருத்தனுக்குக் கிணற்றின் எதிரொலி. இன்னொருத்திக்குக் கரிசலில் முதல் மழை விழும்போது எழும் வாசனை. அது போன பிறகு மழை பெய்தால் வெளியே எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஊருக்கு லாபம் என்றுதான் பேசிக்கொண்டார்கள். சீனியம்மா மதினி மட்டும், மாட்டை வாங்கி வாங்கித் தொழுவத்தை விற்றவன் கதையாகப் போகுது என்று ஒருநாள் சொன்னாள்; சிரித்தோம்.

ஏழாவது வீரன் மலைதாங்கி. அவனை நான்தான் மதிப்பிட்டேன். மலையைச் சுமந்துகொண்டு நகராமல் நிற்பான், யாராலும் தள்ள முடியாது. நாலு ஆட்டம் ஆடினேன், நாலும் முடியவே இல்லை. தள்ள முடியாது என்ற வரத்தை அழித்தேன். சுபி அன்றைக்குக் காய்ச்சல் விட்ட சோர்வில் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். கை மரத்துப்போயிருந்தது. இந்த இடத்தில் என்ன போட்டு அனுப்பலாம் என்று யோசித்தபோது வேறெதுவும் தோன்றாமல், விளையாட்டாக, தோளில் தூங்கும் பிள்ளையின் கனம் என்று எழுதினேன். எழுதி முடித்ததும் தோள் லேசானது. அப்பாடா என்று கழுத்தைச் சொடுக்கிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாள். தராசுத் தொட்டிலில் சுபியை வைத்தார்கள், முள் அசையவில்லை. தராசில்தான் கோளாறு என்று டீச்சர் ஒரு செங்கல்லை வைத்துப் பார்த்தார். செங்கல்லுக்கு ஒழுங்காக முள் ஓடியது. மறுபடி சுபியை வைத்தார், முள் சுழியிலேயே நின்றது. பிள்ளை வாட்டமாக ஒன்றும் இல்லை, கன்னம் கன்னமாகத்தான் இருந்தாள், சத்துமாவு உருண்டை கேட்டு அழுதாள். நடந்தால் சேற்றில் தடம் விழவில்லை. மின்விசிறி போட்டால் அறையின் மறுகோடிக்குப் போய்ச் சிரித்துக்கொண்டு நின்றாள். டீச்சர் ரொம்ப நேரம் யோசித்து, எடை என்ற கட்டத்தில் "வந்திருந்தாள்" என்று எழுதினார்.

இதையும் ஊர் ஏற்றுக்கொண்டது. தையற்காரர் சுபியின் பாவாடை விளிம்பில் கூழாங்கல் வைத்துத் தைத்துக் கொடுத்தார். கொல்லர் இரும்பில் இரண்டு தண்டை அடித்துக் கொடுத்தார். ஆனாலும் கல்லும் இரும்பும் அவள் மேல் இருக்கும் கொஞ்ச நேரத்தில் அவளைப் போலவே லேசாகிவிட்டன. அதனால் நான் பழைய சீலையைக் கிழித்துத் திரித்து ஒரு கயிறு பின்னினேன். ஒரு முனையில் சுபியின் இடுப்புக்கு ஒரு வளையம், மறு முனையில் பிடிக்கிறவர் மணிக்கட்டுக்கு ஒரு வளையம். நான் கூடத்துக்கும் வீட்டுக்காரர் வண்டிக்கும் போன பிறகு பிடித்துக்கொள்ள வீட்டில் ஆள் இருந்தது, அதனால் அந்தக் கவலை இல்லை.

கவலை ஆடி மாசத்தைப் பற்றித்தான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் கரிசல் வெட்டவெளி, மேற்கே மலை வரைக்கும் தடுக்க ஒன்றும் கிடையாது. ஆனி பதினைந்திலேயே ஒரு முன்காற்று வந்தது. சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது சுபி எங்கள் ஓட்டுக்கூரைக்கு மேலே, தண்ணித்தொட்டி உயரத்தில், பட்டம் மாதிரி நின்று, அம்மா உன் தலை தெரியுது என்று கையாட்டினாள். கயிறு விறைத்து நின்றது. மறு முனையை விடவில்லை. இறக்கிக் கட்டிக்கொண்டபோது என் கைக்குள் ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. முகத்தை அவள் வயிற்றில் வைத்து, சூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இது முன்காற்று. ஆடி பிறந்தால் கயிறே அறும்.

ஊரே ஒரு முடிவுக்கு வந்தது: அழித்தது ஊருக்கு வருகிறது, எழுதியது ஊரைவிட்டுப் போகிறது, அப்படியானால் மலைதாங்கி அட்டையில் நான் எழுதிய வரியை நானே அழித்தால் கனம் திரும்பி வந்துவிடும். நிவேதன் தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை, கம்பெனியிலும் அந்தச் சீட்டை யாரும் ஒரு கையால் தூக்குவதில்லை என்றார். ஆனி கடைசி வெள்ளிக்கிழமை எல்லா அட்டைகளோடும் வருவதாகச் சொன்னார்.

வந்தார். கூடத்து நடுவில் மேசை போட்டுப் பன்னிரண்டு அட்டைகளையும் பரப்பினார். ஊரில் பாதி ஜன்னலில் நின்றது. தங்கபுஷ்பம் மட்டும் மணியைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டிலிருந்தே பார்த்தாள். தம்பி எங்களைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அச்சுத் தகடெல்லாம் ரெடிங்கக்கா. இனி ஒரே ஒரு தகடுதான் மாத்த முடியும். ஒரு அட்டையில ஒரு திருத்தம். அதோட முடிஞ்சுதுங்க."

ஒன்று போதும் எனக்கு. மலைதாங்கியை எடுக்கக் கை நீட்டினேன். சீனியம்மா மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டாவது அட்டையைக் காட்டினாள். அதுவரைக்கும் நாங்கள் பார்க்காத அட்டை அது. படம் போடும் இடத்தில் படம் இல்லை, வெறும் சாம்பல் நிறம். பேர் இல்லை. பலம் இல்லை, உயிர் இல்லை. அடியில் வரம் மட்டும் இருந்தது: ஒவ்வொரு சுற்றிலும் எதிரில் இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொள்வான், எதை என்று தெரியாது. இடது மூலையில், தீனி என்ற இடத்தில், சுழி, வெறும் பூஜ்யம்.

இதை யார் எழுதியது என்று கேட்டோம். கம்பெனியில் ஒவ்வொருத்தரும் மற்றவர் எழுதியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார் தம்பி.

மதினி அட்டையைத் தொடவில்லை. எட்ட நின்று பார்த்தாள், குனிந்து பார்த்தாள், பின்பக்கம் போய்ப் பார்த்தாள். அவள் அப்பா சந்தையில் ஒரே ஒரு தடவை துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்து வந்தாராம், தீனி வைக்காமலே கொழுத்து நின்ற ஒரு காளையைப் பார்த்துவிட்டு. அதைச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினாள். இருக்கிற ஒரு திருத்தத்தை இவனுக்குச் செலவழிப்போம், இந்த மூலையில் ஏழு என்றோ எட்டு என்றோ தீனி எழுதிவிடுவோம், விலை இருந்தால் எவனும் அடங்குவான் என்றாள். சுபியை ஆடி முழுக்க ஊரே முறை போட்டுப் பிடித்துக்கொள்ளும், பூரணம் இருக்கிறாள், அவள் பலம் இருக்கிறது என்றாள். ஜன்னலில் நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். பூரணம் அத்தை முன்னுக்கு வந்து, நான் பிடிச்சுக்கிடுதேன் தாயி என்று கையை நீட்டினாள். நல்ல கைதான். ஆனால் அவளும் தூங்குவாள், கண்ணசருவாள்.

"திங்காத மாடுன்னு உலகத்துல ஒண்ணு கெடையாது, மாரிக்கனி. நம்ம கண்ணுல படாம எங்கயோ மேயுதுன்னு அர்த்தம்."

"எங்க வேணா மேயட்டும் மதினி. எம்புள்ள எனக்குத் தரையில நிக்கணும்."

இதைத்தான் சொன்னேன். பதினோரு பேரும் கேட்டார்கள், ஊர் கேட்டது. மதினி என் கையை விட்டாள்.

ரப்பரை எடுத்து மலைதாங்கியில் என் கையெழுத்தை அழித்தேன். கடைசி எழுத்து போனதும் மேசையின் அந்தப் பக்கம் தொப்பென்று சத்தம். ஒரு விரற்கடை உயரத்தில் நின்றுகொண்டிருந்த சுபி தரையில் உட்கார்ந்து, அடிபட்ட இடத்தைத் தடவிக்கொண்டு அழுதாள். அந்த அழுகையைப் போல ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. தூக்கினேன். கனத்தாள். காய்ச்சல் நாளில் கனத்தது போலவே, எலும்பும் சோறுமாகக் கனத்தாள். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், பூரணம் அத்தை கண்ணைத் துடைத்தாள், யாரோ டீ சொல்லி அனுப்பினார்கள். அழித்த இடத்தில் ஒரு சிட்டிகையும் போடாமல் அட்டையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். எழுத இடமும் இல்லை, திருத்தமும் இல்லை. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

தம்பி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னும் ஒரு சடங்கு பாக்கி இருக்கிறது என்றார். ஒரு சுற்றாவது ஆடிப் பார்க்காத அட்டையை அச்சுக்கு அனுப்பக் கூடாது என்பது எங்கள் கூடத்தின் வழக்கம், நாங்களே வைத்த வழக்கம். பன்னிரண்டாவதை மதினி ஆட மாட்டேன் என்றாள். மற்றவர்கள் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விட்டது நான்தானே, ஆடுவதும் நானே என்று சுபியைத் தோளில் போட்டுக்கொண்டு, சந்தோசத்தில், ஒரு கையாலேயே அந்தச் சாம்பல் அட்டையை மேசையில் இறக்கினேன். மணி எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு சுற்று. அவ்வளவுதான்.

எதிரில் இருந்ததையெல்லாம் எண்ணிப் பார்த்தோம். சீட்டுகள் பன்னிரண்டும் இருந்தன. டீ டம்ளர்கள் இருந்தன. பெண்கள் பதினோரு பேர் இருந்தோம். தங்கபுஷ்பம் தன் வீட்டிலிருந்து குரல் கொடுத்தாள், ஊருக்குள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறதாம். ஒன்றும் போகவில்லை. இவன் சும்மா பேருக்கு வீரன், அடிமாடு என்று யாரோ சொன்னார்கள், எல்லோரும் சிரித்தோம். மதினி மட்டும் கூடத்தை ஒரு தடவை, இன்னொரு தடவை என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வரும்போது கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன். அது மேசைக்குக் கீழே தரையில் கிடந்தது.

ஆடி வந்தது, காற்று வந்தது, என் பிள்ளை தரையில் நின்றாள். புதுக்கட்டு அச்சாகி வந்தது, எங்கள் கையாலேயே ஒட்டினோம், என் வீட்டுக்காரர் வண்டியிலேயே ஏறிப் போனது. அதில் சாம்பல் நிற வீரன்தான் அதிகமாக விரும்பப்படுகிறானாம். ஒன்றும் கேட்பதில்லை, பார்த்தால் ஒன்றும் செய்வதில்லை, யாரிடம் இருந்தாலும் ஜெயிக்கிறார்கள் என்று தம்பி சொன்னார். உங்கள் தெருப் பிள்ளைகளிடமும் இருக்கும்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. சில சில்லறைக் குழப்பங்கள்தான். மூன்று பேர் இருக்கிற வீட்டில் நான் நாலு ஆளுக்கு உலை வைக்கிறேன். மிஞ்சுவதைக் கோழிக்குப் போடுகிறேன். கொடியில் ஒரு பள்ளிக்கூடப் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது, நீலக் கலர், சுபிக்கு இடுப்பில் நிற்காது. தெருவில் வீடு வீடாகக் கேட்டேன், யாருடையதும் இல்லை என்றார்கள். யாராவது தேடிக்கொண்டு வருவார்கள் என்று வாராவாரம் துவைத்து மடித்து வைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் பதினான்குக்கும் பதினாறுக்கும் நடுவில் ஒரு வரி காலியாக இருக்கிறதாம், டீச்சர் அதைத் தாண்டிக் கூப்பிடும்போது நாக்கு ஒரு நொடி நிற்கிறதாம். சுபி விளையாட்டின் நடுவில் திரும்பிப் பார்த்து, அக்கா என்கிறாள். யாரைடி கூப்பிடுகிறாய் என்றால், யோசித்துவிட்டு, தெரியலம்மா என்று மறுபடி மண்ணை அள்ளுகிறாள்.

நேற்று மூட்டை கட்ட ஒரு கயிறு வேண்டியிருந்தது. பரணிலிருந்து அந்தச் சீலைக்கயிற்றை எடுத்தேன். ஒரு முனை வளையம் சுபியின் இடுப்புக்கு. மறு முனை வளையத்தை நான்தான் அளவெடுத்து முடிச்சுப் போட்டிருக்கிறேன், முடிச்சு என் முடிச்சு. மாசக்கணக்கில் யாரோ அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், காற்றிலும் விடவில்லை. வீட்டுக்காரரைக் கேட்டேன், நீதானே பிடிச்சிருப்பே என்றார். இருக்கலாம் என்று கையை விட்டுப் பார்த்தேன்.

விரல் முட்டியைத் தாண்டி ஏறவில்லை. அவர் கைக்கு விரலே ஏறவில்லை. அவ்வளவு சின்ன வளையம்.

அதை அவிழ்க்காமல், நீலப் பாவாடையின் மடிப்புக்குள் வைத்து மூடினேன். பிறகு சோறு ஆறிக்கொண்டிருக்கிறதே என்று எழுந்து போய், நாலு தட்டையும் கழுவி வைத்தேன்.